இரட்டைப் பின்னலும் என் அக்கார்டியனும்

ராஜபாளையம்,
18.6.1989

அன்பு மருமகள் செல்லக்கனிக்கு, தாய்மாமன் ராஜரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் என் அக்கா ஞானபாக்கியமும் நலமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

ஏட்டி, இப்போது எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். தபால்காரர் பிரித்துப் படித்தால் அவரும் நம்பாமல் திரும்ப ஒட்டிவிடுவார். ஆனாலும் வேதபுத்தகத்தின்மேல் ஒரு கையும், என் டபுள் டெக் டேப் ரிக்கார்டரின்மேல் ஒரு கையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

நேற்றுக் காலை பதினொரு மணி. மூவுலகும் போற்றும் நம் ‘கீதாலயம் ரிக்கார்டிங் சென்டர்’ வாசலில் மில் தொழிலாளி பேச்சிமுத்து வந்து நின்றான். தலையெல்லாம் பஞ்சு. கையில் ஒரு கேசட்.

“அண்ணாச்சி, இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க.”

“என்ன படம்லே?”

“படம் இல்ல அண்ணாச்சி. வெறும் பாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க மச்சினன் வீட்டுல கேட்டேன். மில்லுல நாங்க இருமுதத கூடப் பாடியிருக்காவ.”

அட்டையைப் பார்த்தேன். முகம் இல்லாமல் இரண்டு சடை மட்டும் வரைந்திருந்தது. மேலே ‘உள்ளேன் டீச்சர்’. கீழே ‘இரட்டைப் பின்னல் குழுவின் முதல் கேசட்’. நம் ஜில்லாவில் எனக்குத் தெரியாமல் ஒரு இசைக்குழுவா? சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன்.

அமுக்கியதும் மின்விசிறி நின்றுவிட்டது. கரண்ட் இருந்தது, விசிறிக்குத்தான் சுற்ற மனம் வரவில்லை. தென்காசி பஸ் என் கடைக்கு எதிரே பத்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு நாய், அசல் ராஜபாளையம் ஜாதி, புலி வந்தாலும் கொட்டாவி விடுவது, அது பெஞ்சுக்கடியில் ஒளிந்துகொண்டது. மில்லில் சங்கு ஊத மறந்தார்கள். நானே மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன்.

பாட்டா அது? தபேலா இல்லை, வயலின் இல்லை. அக்கார்டியன் மருந்துக்கும் இல்லை. ஒரு கேசியோ பெட்டி ஆளே இல்லாமல் தாளம் போடுகிறது. அதன்மேல் ஒரு பெண் குரல், பாடுகிறதா பேசுகிறதா என்று பிடிபடாமல் குழாயடிச் சண்டையையும், மில் பஞ்சையும், விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவதையும் சொல்கிறது. கடைசிப் பாட்டில் டேப் அங்கங்கே ஊமையாகிவிடுகிறது. பதிவு பண்ணத் தெரியாத ஆட்கள்!

இனிதான் விஷயம். அந்தக் குரல் உன் குரலைப் போலவே இருந்தது. யாரோ உன் குரலைத் திருடிவிட்டார்கள், செல்லக்கனி. உன் குரலாகவே இருக்குமோ என்று பேச்சிமுத்து கேட்டான். அடிக்கப் போய்விட்டேன். என் மருமகள் ஒரு கேசட் போட்டால் முதலில் யாரிடம் சொல்வாள்? உனக்குக் காது குத்தியது என் மடியில். நீ போட்ட சத்தத்தில் ஆசாரி ஊசியைக் கீழே போட்டார். அன்றைக்கு அக்கார்டியன் வாசித்து அழுகையை நிறுத்தியது யார்? அந்தக் காதுக்குள் முதலில் பாட்டைப் போட்டவன் நான். வருஷா வருஷம் பிறந்தநாளைக்கு ஒரு கேசட் பதிந்து அனுப்பியவனும் நான்.

நேரில் வந்து விசாரித்திருப்பேன். ஆனால் உங்கள் ஊர்க் கல்யாண வரவேற்பில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்லிப் பந்தி போட்டார்களே, அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணை மிதிப்பதில்லை என்பது என் சபதம் என்று உனக்கே தெரியும். ஆகவே இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தபால் இலாகா கடக்கட்டும். திருடர்களைக் கண்டுபிடித்து எழுது.

பொறாமையெல்லாம் இல்லை. எனக்கு எதற்குப் பொறாமை?

இப்படிக்கு,
இசைச் சக்கரவர்த்தி, உன் மாமா
ராஜரத்தினம்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.6.1989

பிரியமான மாமாவுக்கு, செல்லக்கனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விசிறி நின்றதை நம்பிவிட்டாள். நாய் ஒளிந்ததையும் நம்பிவிட்டாள். “எந்தம்பி மத்தியானச் சோத்த மறந்தானாக்கும்! அப்பா செத்த அன்னைக்கே ஒரு மணிக்குக் கேரியரத் திறந்தவன்” என்றாள். அதை மட்டும் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாமா, நடிக்காதீர்கள். முதல் சொல்லிலேயே என் குரல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரட்டைப் பின்னல் என்றால் நானும் அசீனாவும்தான். வ. புதுப்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர், அவள் நான்காம் வகுப்பு டீச்சர். இங்கிருந்து ஒரே பஸ்ஸில்தான் போய்வருகிறோம். மஸ்கட்டிலிருந்து அவள் அண்ணன் கேசியோ கொண்டுவந்தார். லீவு நாளில் வகுப்பறை ஜன்னலெல்லாம் போர்வை கட்டிப் பதிவு செய்தோம்.

உங்களிடம் சொல்லாதது தப்புதான். ஆனால் ஏன் என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் குழாயடிப் பாட்டைத்தான் உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் மெட்டுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் குடத்தோடு காணாமல் போயிருந்தார்கள். அங்கே ஒரு காதலனும் காதலியும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு நிமிஷம் உங்கள் அக்கார்டியன்! நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று.

அசீனா ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை மாமா. “நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போ. நான் பின்னாடியே நடந்து வாரேன்” என்றாள். அப்படித்தான் வந்தாள்.

இப்போது ஒரு உதவி. ஜூலை பதினைந்து பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். என் வகுப்பில் பதினோரு பிள்ளைகளுக்குப் பேர்தான் ரிஜிஸ்டரில் இருக்கிறது, ஆள் வருவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் கேட்பதற்கென்றே அந்தக் கடைசிப் பாட்டு. நாற்பது கேசட் வேண்டும். உங்கள் மிஷினில் போட்டதைப் போல வேறு எங்கே வரும்? போட்டுத் தருவீர்களா?

அசீனா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள,
செல்லக்கனி

*

ராஜபாளையம்,
26.6.1989

மருமகள் செல்லக்கனிக்கு,

அசீனாவின் சலாமை வாங்கிக்கொண்டேன். கடையில் அதற்கு இடம் போதாததால் வாசலில் வைத்திருக்கிறேன்.

பின்னாடியே நடந்து வந்தாளாமே! நான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன். அய்யனார் அருவி வரைக்கும் நடந்தேன், நீ அறுபது கிலோ எடை இருந்தாய். (சரி, இருபது.) அந்தப் பெண்ணின் கேசியோவுக்குக் கரண்ட் போனால் வாய் அடைத்துவிடும். என் அக்கார்டியனுக்கு மின்சார வாரியம் தேவையில்லை, மாமன் உடம்பில் மூச்சு இருந்தால் போதும்.

கேசட்டை இதுவரை பதினான்கு தடவை கேட்டுவிட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான். பஞ்சுப் பாட்டில் அந்தப் பெண் தாளத்தை மில் தறி மாதிரியே ஓடவிட்டு, நீ இருமும் இடத்தில் அதையும் தடுக்கி விழவைக்கிறாளே, அதைக் குறை என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. அன்று பூராவும் எனக்கு வயிறு எரிந்தது. டாக்டர் மிளகாயைக் குறைக்கச் சொன்னார்.

நாற்பது கேசட்தானே? நாலாயிரம் போடுவேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசிப் பாட்டில் ஒரு ஓரமாய், கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவனைப்போல, என் அக்கார்டியன் ஒரு பத்து விநாடி வரட்டும். தாய்மாமன் சீர் என்று வைத்துக்கொள்.

உன் மாமா,
ராஜரத்தினம்

*

(அஞ்சல் அட்டை)

ஸ்ரீவில்லிபுத்தூர்,
29.6.1989

அன்புள்ள மாமா, பேச்சிமுத்து அண்ணனிடம் மூலக் கேசட்டைக் கொடுத்தனுப்புகிறேன். அக்கார்டியன் வேண்டாம் மாமா. கோபித்துக்கொள்ளாதீர்கள். இது இரண்டு பேர் சேர்ந்து செய்தது, அப்படியே இருக்கட்டும். எதையும் சேர்க்காதீர்கள், எதையும் எடுக்காதீர்கள், பக்கத்தில் நின்று தும்மக்கூடச் செய்யாதீர்கள். அம்மா உங்களுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள்.
செல்லக்கனி

*

ராஜபாளையம்,
12.7.1989

மருமகளுக்கு,

நாற்பது கேசட்டும் இந்தப் பெட்டியில் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள். ஊறுகாய் கிடைத்தது.

கடைசிப் பாட்டில் டேப் ஊமையாகிற இடங்களைச் சரிசெய்திருக்கிறேன். என் தொழிலில் நாலு விநாடி சத்தம் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் கேசட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார். உனக்கு அந்தப் பேர் வரக்கூடாது. நன்றி எல்லாம் வேண்டாம்.

மாமா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்,
17.7.1989

மாமாவுக்கு,

பள்ளிக்கூட வேலையில் பெட்டியைப் பிரித்துக் கேட்க நேரமில்லை. உங்கள் கை பட்டது என்ற நம்பிக்கையில் கேட்கவும் தோன்றவில்லை. அப்படியே கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஒன்றை டேப்பில் போட்டேன். கடைசிப் பாட்டு வந்தது. ரிஜிஸ்டரைத் திறக்கும் சத்தம். முதல் பேர் கூப்பிட்டேன். “மாரியம்மாள்.”

அசீனா அந்த இடத்தில் தாளத்தைக்கூட நிறுத்தியிருந்தாள். நாலு எண்ணும் நேரத்துக்கு ஒன்றுமே கிடையாது. பிள்ளை இல்லை, அதனால் பதில் இல்லை. பதினோரு பேருக்கும் அப்படித்தான். அதுதான் பாட்டு மாமா. வேறே ஒன்றும் அதில் இல்லை.

அந்த இடத்தில் உங்கள் அக்கார்டியன் ‘டொய்ங்’ என்று துள்ளி வந்தது. இரண்டாவது பேருக்கு இன்னும் நீளமாக. ஐந்தாவது பேருக்குக் கூட்டம் முழுவதும் சிரித்தது. சிரித்துச் சிரித்து இருளம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மகள் வெள்ளைத்தாய் ஒன்பதாவது பேர். பின்னால் இருந்து ஒருவர், “டீச்சர், இன்னொருக்கா போடுங்க” என்றார்.

அசீனா டேப்பை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றாள். “எங்க மாமா மிஷின்ல போட்டா நல்லாருக்கும்” என்று சொன்னவள் நான்.

ஆறு மாதம் உழைத்தோம். எட்டிப் பார்த்து, அடித்துப் பிடித்து உள்ளே வந்து உட்காராவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராதா? டேப் ஊமையாகிவிட்டது என்று காரணம் சொல்லாதீர்கள். முப்பது வருஷம் பாட்டு கேட்ட காது உங்களுடையது.

நாற்பது கேசட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. அது அத்தனையும் திரும்பி வருகிற வரைக்கும் எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

செல்லக்கனி

*

ராஜபாளையம்,
21.7.1989

செல்லக்கனி,

ஏட்டி, கோபத்தில் நீ உன் அம்மாவை உரித்துவைத்தவள். பதினோரு இடம் இருந்தது என்று இப்போதுதான் எண்ணினேன். நான் ஒன்று சொல்லட்டுமா? அன்றைக்கு என் அக்கார்டியன் தானாகவே பெட்டியைத் திறந்துகொண்டு...

வேண்டாம். நாற்பதும் வரும்.

மாமா

*

ராஜபாளையம்,
4.8.1989

செல்லக்கனி,

பதினேழு கைக்கு வந்துவிட்டது. பதில் போடமாட்டாய் என்று தெரியும். கணக்குச் சொல்லத்தான் எழுதினேன்.

மாமா

*

ராஜபாளையம்,
27.8.1989

அன்பு மருமகள் செல்லக்கனிக்கு, தாய்மாமன் ராஜரத்தினம் எழுதிக்கொள்வது.

இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. பேர் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று சுமாராகப் பிடிபடுகிறது.

இத்துடன் உள்ள பார்சலில் முப்பத்தொன்பது கேசட் இருக்கிறது. கொடுத்த வீட்டிலெல்லாம் உன் மூலத்திலிருந்து புதிதாகப் போட்ட சுத்தமான காப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கி வந்தேன். இதற்காக உன் மாமன் பட்ட பாட்டை உலகம் அறியட்டும். புதுப்பட்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் பஸ் மாறவேண்டும். சபதம் என்ன ஆவது? ராஜபாளையம் பஸ்ஸின் படியிலிருந்து வத்திராயிருப்புப் பஸ்ஸின் படிக்கு ஒரே பாய்ச்சல், நடுவில் மண்ணே படவில்லை. எட்டு நாளில் பதினாறு பாய்ச்சல். கிருஷ்ணன்கோவில் முக்கில் ஒரு மாடு என்னைத் துரத்தியது, பிறகு நான் அதைத் துரத்தினேன். மகாராஜபுரத்தில் ஒரு டீக்கடைக்காரர் தரமாட்டேன் என்று வாள் உருவினார். வாள் என்றால் கரண்டி.

ஒன்று குறைகிறது. அதைச் சொல்கிறேன். இதில் ஜோடனை கிடையாது.

வ. புதுப்பட்டியில் இருளம்மாள் வீடு. பகல் பதினொரு மணி, வெள்ளைத்தாய் வீட்டில் இல்லை. இருளம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல குடுத்ததுக்கு என்ன கொற அண்ணாச்சி?”

“அதுல ஒரு கிறுக்கன் நடுவுல பூந்து வாசிச்சுப்புட்டான் தாயி. இதான் சரியானது.”

“நல்லாத்தான வாசிச்சிருக்கான்? எம் மவ பேரு வந்ததும் டொய்ங்குன்னு கேக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைய எல்லாம் சிரிக்கும். சரி, புதுச போடுங்க பாப்போம்.”

பக்கத்து வீட்டு டேப்பை வாங்கிவந்து போட்டாள். நீ கூப்பிட ஆரம்பித்தாய். முதல் எட்டுப் பேருக்கு மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். ஒன்பதாவது பேர் வந்தது. “வெள்ளைத்தாய்.”

நாலு எண்ணும் நேரம்தான். அந்த வீட்டில் நாலு நாள்போல இருந்தது. கையில் இருந்த மொச்சை அப்படியே நின்றது. பத்தாவது பேர் வருமுன் அவளே டேப்பை அமர்த்திவிட்டாள்.

“இதக் கேக்க முடியல அண்ணாச்சி” என்றாள். “மத்ததுதான் கேக்க நல்லாருக்கு. அத எடுத்துட்டுப் போயிராதிய.”

புதியதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று கை நீட்டினேன். அதையும் தரவில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வந்துவிட்டேன்.

என் வாத்தியம் வந்தால் கேட்க நல்லாயிருக்கிறது. உங்கள் பாட்டு வந்தால் கேட்க முடியவில்லை. முப்பது வருஷமாகக் கேட்க நல்லாயிருப்பதை மட்டுமே வாசித்தவனுக்கு, நீங்கள் இருவரும் என்ன செய்திருக்கிறீர்கள் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் மண்டையில் ஏறியது. சபதத்தை மறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன். கால் முழுக்க உங்கள் ஊர் மண். உன் தெரு வரைக்கும் வந்தேன். ஜன்னலில் நீயும் அந்தப் பெண்ணும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிடவில்லை.

டேப் கோளாறு என்றது பொய், செல்லக்கனி. நீ எழுதியது சரி, முப்பது வருஷம் கேட்ட காதுக்கு எது கோளாறு, எது வேண்டுமென்றே விட்டது என்று தெரியாதா? ஏன் விட்டீர்கள் என்பதுதான் அன்றைக்குத் தெரியவில்லை. நீயும் அவளும் பின்னிய பின்னலில் ஊசி நுழைய இடமில்லை. எனக்கு ஆற்றாமை. தேடித் தேடிப் பார்த்தேன், ஆள் நுழையும் அளவுக்குக் காலியாக இருந்தது அந்தப் பதினோரு இடம்தான். பிள்ளைகளுடைய இடம் என்று தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அசீனாவிடம் என் மன்னிப்பைச் சொல். சலாமை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவள்மேல் பொறாமை இன்னும் இருக்கிறது. அதை நீ ஒன்றும் செய்ய முடியாது, நானும் முடியாது. எனக்கு மருமகள் ஒருத்திதானே.

கடைசியாக, ஜூன் மாதம் வேதபுத்தகத்தின்மேல் சத்தியம் செய்து ஒரு கடிதம் எழுதினேன் அல்லவா? விசிறி நிற்கவில்லை, அது நல்லபடியாகத்தான் சுற்றியது. தென்காசி பஸ் நின்றது ஆள் ஏற்ற. பக்கத்து வீட்டில் நாயே கிடையாது. மில் சங்கு தன் நேரத்துக்கு ஊதியது. வேதபுத்தகமும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தது.

ஆனால் ஒரு மணிக்கு நீ பேர் கூப்பிட ஆரம்பித்தாய். பதில் வரும், இப்போது வரும் என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மணி நாலு. கேரியர் மூடியபடி பெஞ்சில் இருந்தது. சாம்பார் ஊசிப்போய்விட்டது.

அக்காவிடம் சொல்: அது ஒன்று மட்டும் நிஜம்.

மாமா
ராஜரத்தினம்